கப்பல் புறப்படும் நாளன்றே லாபிஸிலிருந்து காரில் போகலாமா?

லாபிஸ்வாசி | திங்கள், இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள லாபிஸில் வசிக்கிறோம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் உல்லாசக் கப்பலில் குடும்பத்தோடு செல்லப் பதிந்திருக்கிறோம். அம்மா, மனைவி, பிள்ளைகள் இருவர், நான் என ஐந்து பேர். கப்பல் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு மரினா பே முனையத்திலிருந்து புறப்படும். பதிவு முகப்பு 3.30 மணிக்கு மூடப்படும் என்று பயணச்சீட்டில் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள்.

வீட்டில் இரு வேறு கருத்துகள் நிலவுகின்றன. வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்கு லாபிஸை விட்டுக் கிளம்பினால் 9.30 மணிக்குள் சிங்கப்பூருக்குள் செல்லும் துவாஸ் பாலத்தை அடைந்துவிடலாம், ஒரு மணி நேரம் நெரிசல் என்று வைத்துக்கொண்டாலும் நண்பகலுக்கு முன் முனையத்தில் இருக்கலாம், எனவே விடுதிக்குச் செலவழிப்பது வீண் என்கிறார் என் மைத்துனர். முதல் நாளே போய்விட வேண்டும் என்பதில் மனைவி உறுதியாக இருக்கிறார்.

அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கியவர். முழங்கால் வலியால் இப்போது நீண்ட நேரம் நிற்க முடிவதில்லை. கப்பலில் ஒருமுறை போய்வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதனால்தான் இதை இவ்வளவு யோசிக்கிறேன். இந்தச் சாலையையும் எல்லையையும் நன்கறிந்தவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


யோங் பெங் லாரி | திங்கள், இரவு 10.02

ஐயா, நான் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். பாலத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். லாபிஸிலிருந்து யோங் பெங் டோல் (நெடுஞ்சாலைக் கட்டணச்சாவடி) வரையிலான பகுதியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் மைத்துனரின் கணக்கு தொடங்கும் இடம் அதுதான்.

அந்தச் சாலையில் பெரும்பாலான இடங்களில் போக ஒரு தடம், வர ஒரு தடம்தான். காலை வேளையில் ஆலைக்குச் செல்லும் எங்களைப் போன்றவர்களின் வண்டிகள் மெதுவாகத்தான் நகரும், முந்துவதற்கு இடமிருக்காது. சாதாரண நாளில் இதனால் பத்து, இருபது நிமிடம் கூடக்குறையப் போகும், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் போவது டிசம்பரில். 2023 மார்ச் வெள்ளத்தில் லாபிஸ், சிகாமட், யோங் பெங் வட்டாரங்கள் எப்படித் தத்தளித்தன என்பதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2006ஆம் ஆண்டு இறுதியில் வந்த வெள்ளத்தை மூத்தவர்கள் அறிவார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரவு முழுவதும் மழை பெய்தால் காலையில் எந்த இடத்தில் தண்ணீர் ஏறியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. சாலை மூடப்பட்டால் சிகாமட்டுக்குத் திரும்பிச் சென்று தங்காக் வழியாக நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். அது பெரிய சுற்று. அந்தச் சுற்றுக்கான நேரம் மைத்துனரின் கணக்கில் இல்லை.

யோங் பெங்கில் டோலுக்குள் நுழைந்துவிட்டால் ஆயர் ஹீத்தாம், மாச்சாப், சிம்பாங் ரெங்கம், கூலாய் வரை பொதுவாகக் கவலை இல்லை. செனாய் அருகே துவாஸ் செல்லும் நெடுஞ்சாலைக்குப் பிரியும் இடத்தைத் தவறவிட்டு நேராக ஜொகூர் பாருவுக்குள் போய்விடாதீர்கள்.


மாசாய் மல்லிகா | செவ்வாய், காலை 6.20

வேலைக்காக அன்றாடம் எல்லையைக் கடப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

இந்தக் கேள்வியில் தூரத்துக்கு அதிக இடம் கொடுக்க வேண்டாம், அண்ணா. நெடுஞ்சாலை நேரத்தைக் கணக்கிட முடியும், சோதனைச்சாவடி நேரத்தைக் கணக்கிட முடியாது. பண்டிகை, பள்ளி விடுமுறைக் காலங்களில் காரில் செல்வோர் மூன்று மணி நேரம் வரை காத்திருக்க நேர்ந்ததாகச் சிங்கப்பூரின் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம் பலமுறை அறிவித்திருக்கிறது. டிசம்பரில் இரு நாட்டுப் பிள்ளைகளுக்கும் விடுமுறை வரும். பாலத்தில் ஒரு விபத்து, ஒரு கனமழை, கணினியில் ஒரு கோளாறு, இவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்துவிட்டால் அந்த மூன்று மணி நேரமும் போதாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் நாளே கிளம்புகிறவர்கள் பலரும் செலவைக் குறைப்பதற்காக ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் எல்லையைக் கடக்கலாம் என்று திட்டமிடுகிறார்கள். இப்படிச் செய்தால் யோங் பெங் சாலையின் ஆபத்து நீங்குகிறது, உண்மைதான்; ஆனால் எல்லையின் ஆபத்து முழுவதும் அப்படியே மறுநாளுக்கு எஞ்சி நிற்கிறது. ஆகவே முதல் நாள் போவதா, அன்றே போவதா என்று கேட்பதைவிட, அன்று இரவு நீரிணையின் எந்தக் கரையில் உறங்குவது என்று கேட்பதே பொருத்தம். சிங்கப்பூர்க் கரையில் உறங்கினால் மறுநாள் உங்களுக்கும் கப்பலுக்கும் இடையே நகரச் சாலை மட்டுமே இருக்கும்.


பழைய கிராணி | செவ்வாய், காலை 8.45

நான் சற்று மாறுபடுகிறேன். இதைப் படிக்கிற எல்லாருடைய வசதியும் ஒன்றுபோல் இருக்காது. ஐந்து பேருக்குச் சிங்கப்பூரில் பெரும்பாலும் இரண்டு அறை எடுக்க வேண்டும். விடுமுறைக் காலத்தில் அந்த ஓர் இரவுக்கான வாடகை நம் ரிங்கிட்டில் எவ்வளவு ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத்துக் குடும்பங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துத்தான் இத்தகைய பயணம் போகின்றன. கப்பலுக்குச் செலுத்திய தொகையில் கணிசமான ஒரு பங்கை, வராமலும் போகக்கூடிய நெரிசலுக்கு அஞ்சி விடுதியில் கட்டுவது எல்லாருக்கும் ஏற்ற அறிவுரை ஆகாது.

அன்றே போவோர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், பெரும்பாலோர் நேரத்துக்குச் சேர்ந்தும் விடுகிறார்கள். காலை 7 மணிக்குப் பதிலாக 4 மணிக்கே கிளம்பினால் மூன்று மணி நேரம் கூடுதலாகக் கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை புறப்படும் கப்பலாக இருந்தால் நான் தயங்காமல் அன்றே போகச் சொல்வேன், ஏனெனில் ஞாயிறு காலையில் சிங்கப்பூர் நோக்கிச் செல்லும் கூட்டம் குறைவு. அது மாலையில்தான் பெருகும்.


மாசாய் மல்லிகா | செவ்வாய், பிற்பகல் 1.10

ஐயா, ஞாயிறு காலையைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுவதும் ஏற்கிறேன். செலவைப் பற்றிய கவலையும் நியாயமானது. அதைப் பின்னர் பேசுவோம். ஆனால் வெள்ளிக்கிழமை காலை 4 மணிக்கு லாபிஸை விடுவது நல்லதன்று. அப்படிக் கிளம்பினால் 6, 6.30 மணியளவில் எல்லையை அடைவார்கள். வேலைநாளில் எங்களைப் போன்ற தொழிலாளர்கள் திரண்டு கடக்கும் வேளை அதுவே. இருட்டு விலகுவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்கள் ஓயாமல் வந்து குவியும். தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். காரின் வலப்புறமும் இடப்புறமும் தலைக்கவசங்கள்தாம் தெரியும். அந்த வரிசையில் அசையாமல் நிற்கும் காரில் ஒரு மூதாட்டி கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் கதவைத் திறந்து இறங்குவதற்கு இடமிருக்காது. முன்னதாகக் கிளம்புவதால் எப்போதும் நேரம் மிச்சமாகும் என்று கொள்ள முடியாது.


காப்புறுதித் தம்பி | செவ்வாய், மாலை 5.30

காப்புறுதித் துறையில் பணிபுரிகிறேன். இரண்டு செய்திகளைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

பயணக் காப்புறுதி இருக்கிறதே என்ற துணிவில் அன்றே கிளம்புவோர் பலர். புறப்பாட்டைத் தவறவிட்டதற்கான இழப்பீடு எல்லாத் திட்டங்களிலும் கிடையாது. இருக்கும் திட்டங்களிலும் விபத்து, வாகனப் பழுது, பொதுப் போக்குவரத்து நின்றுபோதல் போன்ற காரணங்களைக் குறிப்பிட்டு எழுதியிருப்பார்கள். வழக்கமான சாலை நெரிசல் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இராது; போதிய நேரம் ஒதுக்கிக் கிளம்பியதையும் நீங்கள் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

இரண்டாவது, கப்பல் பினாங்கில் நிற்கிறதே, தவறவிட்டால் காரிலேயே பினாங்குக்குப் போய் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணுகிறார்கள். அதற்குக் கப்பல் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பதிவு முடிந்ததும் பயணிகள் பட்டியலை நிறுவனம் அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிடுவதால், அதில் இல்லாதவரை இன்னொரு துறைமுகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. செலவும் முழுவதும் பயணியுடையதே. வராத பயணிக்காகக் கப்பல் காத்திருப்பதில்லை, கட்டணமும் பொதுவாகத் திரும்பக் கிடைப்பதில்லை.

மலேசிய வாகனக் காப்புறுதி சிங்கப்பூரிலும் செல்லும். அதுபற்றிக் கவலை வேண்டாம். ஆனால் பழுதான வண்டியை இழுத்துவரும் இலவச உதவி எல்லையோடு நின்றுவிடக்கூடும்; கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.


கிராஞ்சி வழி | செவ்வாய், இரவு 8.05

காரே வேண்டாம் என்பது என் கருத்து. ஜொகூர் பாருவின் லார்கின் பேருந்து நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் கிராஞ்சிக்குப் பேருந்து உண்டு. கிராஞ்சியில் எம்.ஆர்.டி. ரயிலில் ஏறினால் அதே வடக்கு தெற்குப் பாதையில் வண்டி மாறாமல் கடைசி நிலையமான மரினா சவுத் பியர் வரை செல்லலாம். கப்பல் முனையம் அங்கிருந்து நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது. ஜொகூர் பாருவின் ஜே.பி. செண்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து எல்லைக்கு அப்பால் உள்ள உட்லண்ட்ஸுக்கு ஐந்து நிமிடத்தில் செல்லும் தெப்ராவ் ரயிலில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. விடுமுறையில் அந்தச் சீட்டுகள் வெகுவிரைவில் விற்றுத் தீர்ந்துவிடும் என்பதால் இப்போதே பாருங்கள்.


லாபிஸ்வாசி | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் நன்றி. கிராஞ்சி வழி நண்பர் சொன்னது இளையோருக்கு மிகச் சிறந்த வழி என்றே நினைக்கிறேன். ஆனால் பேருந்தில் போனால் இரு நாட்டுச் சோதனைச்சாவடிகளிலும் எல்லாப் பெட்டிகளையும் இறக்கிக்கொண்டு, மின்படியில் ஏறி, நீண்ட நடைபாதையைக் கடந்து, வரிசையில் நின்று, மறுபடியும் பேருந்தில் ஏற வேண்டும். அம்மாவால் அது முடியாது. காரில் என்றால் அவர் இருக்கையை விட்டு எழ வேண்டிய தேவையே இல்லை. எனவே கார் என்பது உறுதி. நாளும் நேரமும்தான் முடிவாக வேண்டும்.

காருக்கு வி.இ.பி. எனும் சிங்கப்பூர் வாகன நுழைவு அனுமதி முன்பே பெற்றிருக்கிறோம். இன்னும் ஓர் ஐயம்: பயணம் முடியும் வரை காரைச் சிங்கப்பூரிலேயே நிறுத்திவைப்பது கட்டுப்படியாகுமா? மைத்துனர் எங்களோடு கப்பலில் வரவில்லை என்பதையும் முதலிலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும். காரை ஓட்டிவந்து விட்டுச்செல்ல அவர் ஆயத்தமாக இருக்கிறார்.


மாசாய் மல்லிகா | செவ்வாய், இரவு 10.25

அண்ணா, மைத்துனர் கப்பலில் வரவில்லை என்றால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. கிராணி ஐயா எழுப்பிய செலவுக் கேள்விக்கும் இதில் ஓரளவு விடை இருக்கிறது.

மலேசியக் காருக்கான வி.இ.பி. கட்டணம் நாளொன்றுக்கு 35 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). ஆண்டுக்கு முதல் 10 நாள்களுக்கு அது வசூலிக்கப்படுவதில்லை; சனி, ஞாயிறு, சிங்கப்பூர்ப் பொது விடுமுறை நாள்களிலும் இல்லை. வேலைநாள்களில் மாலை 5 மணி முதல் பின்னிரவு 2 மணி வரையும் இல்லை. அந்தப் பத்து நாள் சலுகையை ஏற்கெனவே பயன்படுத்திவிட்ட கார் முனையத்தில் நின்றால், நிறுத்தக் கட்டணத்தோடு வேலைநாள் ஒவ்வொன்றுக்கும் அந்த 35 வெள்ளியும் சேரும்.

நீங்கள் வியாழக்கிழமை மாலை 5 மணிக்கு லாபிஸிலிருந்து கிளம்புங்கள். 7.30 மணியளவில் துவாஸ் பாலத்தை அடைவீர்கள். அந்த வேளையில் பெருங்கூட்டம் சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். நீங்கள் அதற்கு எதிர்த்திசையில் போகிறீர்கள். விடுமுறையில் உங்கள் திசையிலும் தாமதம் ஏற்படலாம், ஆனால் நள்ளிரவே ஆனாலும் கப்பல் உங்களை விட்டுப் போய்விடாது. மைத்துனர் உங்களை விடுதியில் இறக்கிவிட்டுப் பின்னிரவு 2 மணிக்குள் எல்லையைக் கடந்துவிட்டால் வி.இ.பி. கட்டணம் இல்லை, டோலும், 6.40 வெள்ளிச் சாலைக் கட்டணமும் மட்டுமே. திரும்பும் வழியில் அவர் நெரிசலில் நிற்க நேரலாம். நேரக்கெடு இல்லாத ஒருவர்மீது அந்தத் தாமதம் விழுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அன்று அவர் ஜொகூர் பாருவை அடுத்த ஸ்கூடாயிலோ மாசாயிலோ உறவினர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் லாபிஸுக்குத் திரும்பட்டும். களைப்போடு இரவில் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. சிங்கப்பூர் வருகை அட்டையை, எல்லையைக் கடக்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். காரில் இருப்போர் அனைவருக்கும் சேர்த்து ஒரே கியூஆர் குறியீட்டை உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் சிங்கப்பூருக்கு முதன்முறையாக வருபவரும், சென்றமுறை வந்த பிறகு கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) புதுப்பித்தவரும் கடப்பிதழையே காட்ட வேண்டும். அம்மாவுடையது புதியது என்றால் அதைத் தனியாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடப்பிதழ்களிலும் ஆறு மாதக் காலம் எஞ்சியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அந்தக் காருக்குச் சிங்கப்பூரில் செலுத்தப்படாத அபராதம் ஏதும் இருந்தால் எல்லையிலேயே திருப்பி அனுப்பப்படலாம். மைத்துனரிடம் அதையும் கேட்டுவிடுங்கள்.

மைத்துனருக்கு ஏதேனும் இடையூறு வந்தால், முகநூலில் விளம்பரம் செய்யும் உரிமமற்ற வாடகைக் கார்களை நாட வேண்டாம். சிங்கப்பூரில் பிடிபட்டால் வண்டியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். நடுவழியில் நிற்பது நீங்கள்தான். லார்கினிலிருந்து உரிமம் பெற்ற டாக்சிகள் இருக்கின்றன.


பழைய கிராணி | புதன், காலை 7.50

மல்லிகா சொல்லும் வழியில் அறை வாடகை மட்டும் எஞ்சுகிறது. என் கருத்தை நான் முழுவதும் கைவிடவில்லை: இளந்தம்பதியர் இருவர் கைப்பெட்டியோடு ஞாயிற்றுக்கிழமைக் கப்பலுக்குப் போகிறார்கள் என்றால் அன்றே போகலாம் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் லாபிஸ்வாசிக்கு வெள்ளிக்கிழமை, டிசம்பர், வயதான தாயார் ஆகிய மூன்றும் ஒன்றாக வாய்த்திருக்கின்றன. இவருக்கு முதல் நாள் மாலையே சரி.

அறையைப் பற்றி ஒரு சொல். முனையத்துக்கு அருகிலேயே தங்க வேண்டும் என்று நினைத்து மரினா பே பகுதியில் தேடாதீர்கள். அங்கே வாடகை மிக அதிகம். ஜூரோங் பக்கம் பார்த்தால் துவாஸிலிருந்து வரும் வழியிலேயே இருக்கும். மறுநாள் டாக்சியில் ஆயர் ராஜா விரைவுச்சாலையைப் பிடித்தால் அது நேராக மரினா கரையோர விரைவுச்சாலையில் இணைந்து முனையத்தின் அருகே கொண்டுபோய் விடும்.

டாக்சி ஓட்டுநரிடம் முனையத்தின் பெயரை முழுமையாகச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல்களுக்கு இரண்டு முனையங்கள் உள்ளன. ஹார்பர்ஃபிரண்டில் இருப்பது தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து இயங்கும் பழைய முனையம். உங்களுடையது 2012இல் திறக்கப்பட்ட மரினா பே முனையம். கப்பல் முனையம் என்று மட்டும் சொன்னால் தவறான இடத்தில் இறங்க நேரலாம்.


லாபிஸ்வாசி | புதன், இரவு 8.30

வீட்டில் அனைவரும் உட்கார்ந்து பேசினோம். இந்த இழை முழுவதையும் மைத்துனருக்கு வாசித்துக் காட்டினேன். 4 மணிக்குக் கிளம்புவது பற்றியும் பினாங்கில் ஏறுவது பற்றியும் அவரும் அதையேதான் எண்ணியிருந்தார் என்பதால் கவனமாகக் கேட்டார். வியாழக்கிழமை மாலையே போவது என்று முடிவாகிவிட்டது. அவருக்கு மாலை 4 மணிக்கே வேலை முடிந்துவிடும். அன்றிரவு அவர் ஸ்கூடாயில் தம் அக்காள் வீட்டில் தங்குவார். ஜூரோங்கில் நால்வர் தங்கும் குடும்ப அறை ஒன்று கிடைத்தது. ஐந்தாவதாகச் சின்னவனுக்கு ஒரு மெத்தை போட்டுத் தர ஒப்புக்கொண்டார்கள்.

யோங் பெங் லாரி அண்ணன் சொன்ன மழையைப் பற்றியும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். புதன்கிழமை இரவு கனமழை தொடங்கிவிட்டால் மாலை வரை காத்திராமல், வியாழன் காலையிலேயே சாலையைப் பார்த்துக்கொண்டு கிளம்பி ஸ்கூடாய் வீட்டில் பகற்பொழுதைக் கழித்துவிட்டு, 5 மணிக்குப் பிறகு பாலத்தைக் கடப்போம். மைத்துனர் அன்று விடுப்பு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று கப்பல் நிறுவனத்துக்கு இன்று மின்னஞ்சல் அனுப்பினேன். கடப்பிதழ்களையும் எடுத்துப் பார்த்தேன்; பெரியவளுடையதில் ஐந்து மாதமே எஞ்சியிருக்கிறது. நாளைக் காலையில் அவளை அழைத்துக்கொண்டு சிகாமட் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகிறேன்.


மாசாய் மல்லிகா | புதன், இரவு 9.05

நல்ல முடிவு, அண்ணா. பெரியவளுக்குப் புதிய கடப்பிதழ் எண் கிடைத்ததும் கப்பல் பதிவில் இருக்கும் பழைய எண்ணை மறக்காமல் மாற்றிவிடுங்கள்; அவளும் சோதனைச்சாவடியில் கடப்பிதழையே காட்ட வேண்டியிருக்கும். சிங்கப்பூருக்குக் கப்பல் திரும்பும்போது வருகை அட்டையை மறுபடியும் நிரப்ப வேண்டும். கப்பலில் இணையத்துக்குத் தனிக் கட்டணம் இருக்கும் என்பதால், மூன்று நாள் வரம்புக்குள் வந்த பிறகு ஏதேனும் ஒரு துறைமுகத்தில் இறங்கி நிற்கும்போதே ஐந்து பேருக்கும் சேர்த்து முடித்துவிடுங்கள்.